டிக்கெட் நம்பர் இருக்கு... ஆளு எங்கே?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் சென்னையிலும் பெங்களூரிலும் பொட்டி தட்டிக்கொண்டிருந்தவர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தார்கள். மார்த்தாண்டத்துக்கும்தான். பலரைக் கம்பெனிகள் திரும்பக் கூப்பிட்டுவிட்டன. இன்னும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களும் உண்டு. வாடகை மிச்சம், டிராஃபிக் தொல்லை இல்லை என்று எல்லோரும் பேசியாச்சு. லேப்டாப் படுத்துவிட்டால் என்ன கதி என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஆபீஸில் என்றால் சப்போர்ட் அண்ணன் சீட்டுக்கே வருவார். சரியாகவில்லையென்றால் வேறு மெஷின் தருவார். வீட்டில்? டிக்கெட் போட வேண்டும். அதற்கு நெட் வேண்டும். நெட் போனதுதானே புகாரே!

"ரிமோட்டில் வந்து சரி செய்கிறோம்" என்பார்கள். மெஷின் பூட் ஆனால்தானே ரிமோட்? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட் ஒன்று சொதப்பி, உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றையும் கையால்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ வேறு. வீட்டில் இருந்தவர் அதைப் போனில் கேட்டுக் கேட்டுத் தட்ட வேண்டியதுதான். அன்றைக்கு சப்போர்ட் இஞ்சினியர் யார்? அவரேதான், சம்பளம் இல்லாமல்!

இங்கே காற்றடித்தால் ரப்பர் மரக்கிளை லைனில் விழும், கரண்ட் போகும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பிறகு பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இதற்கெல்லாம் இன்வெர்ட்டர், இரண்டாவது நெட் கனெக்ஷன் என்று செலவு செய்வது யார்? பல வீடுகளில் பணியாளர்தான். கம்பெனிக்கு ஆபீஸ் செலவு குறைந்தது. அந்தச் செலவு எங்கும் மறையவில்லை, பணியாளர் கணக்கில் பற்று எழுதப்பட்டது. அவ்வளவுதான்.

ஹெல்ப்டெஸ்க் பையன்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. எத்தனை டிக்கெட்டை எவ்வளவு சீக்கிரம் மூடினாய் என்றுதான் அவர்களை அளக்கிறார்கள். அதனால்தான் "பயனரிடமிருந்து பதில் இல்லை" என்று டிக்கெட் மூடப்படுகிறது. மெஷினே செத்துக் கிடக்கும்போது பயனர் எதில் பதில் போடுவார்?

"வீட்டிலிருந்து வேலை என்பதே சலுகை, இதில் புகார் வேறா?" என்று சிலர் கேட்கிறார்கள். போர்ச்சுகலில் 2022 முதல் அமலில் உள்ள சட்டப்படி, வீட்டிலிருந்து வேலை செய்பவருக்குக் கருவி தருவதும் கூடுதல் கரண்ட், நெட் செலவை ஏற்பதும் முதலாளியின் பொறுப்பு. அங்கே அது சலுகை இல்லை, கடமை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேரை உலகத்துக்கே விற்கும் ஸோஹோ, தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் நடத்துகிறது. அப்படியிருக்க, நாலு கம்பெனிகள் சேர்ந்து நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் ஆளையும் சில ஸ்பேர் லேப்டாப்பையும் வைக்க முடியாதா?

அதுவரை ஒன்றாவது செய்யட்டும். டிக்கெட் நம்பர் கொடுத்த நிமிடத்திலிருந்து சரியாகும் வரை அது வேலை நேரம். அதை லீவில் கழிக்கக் கூடாது.

என்ன மக்கா, கேட்பது நியாயம்தானே?