மேக்ரோ லென்ஸில் காசு எதற்குப் போகிறது?

மேக்ரோ லென்ஸ் வாங்கக் கிளம்பும் ஒருவர் போடும் முதல் கணக்கு பெரும்பாலும் தப்பாகவே இருக்கிறது. "50-ஐ விட 100 பெருசு, 100-ஐ விட 180 பெருசு. அப்போ 180 வாங்கினா எறும்பு யானை மாதிரி தெரியும்" என்பது ஒரு கணக்கு. இதற்கு நேர் எதிரான கணக்கு ஒன்றும் உண்டு. "எல்லாமே 1:1 தானே? இருக்கறதுலயே விலை கம்மியானதை வாங்கிட்டா போச்சு." முதல் கணக்குக்காரர் தேவைக்கு மேல் செலவழிக்கிறார். இரண்டாவது கணக்குக்காரர் ஆசையாக வாங்கிய லென்ஸை ஆறே மாதத்தில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அந்த மி.மீ. எண் உண்மையில் எதை விற்கிறது என்று இருவருமே பார்க்கவில்லை.

அந்த எண் விற்பது இடைவெளியை. லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவில் இருக்கிற வெறும் காற்றை. அந்தக் காற்றுக்குத்தான் காசு. எவ்வளவு காற்று வேண்டும் என்று தெரிந்துகொண்டால் எந்த லென்ஸ் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் 1:1 என்பதைப் பார்க்கலாம். பொருள் நிஜத்தில் எவ்வளவு நீளமோ, அதே நீளத்துக்கு அதன் பிம்பம் சென்சார் மேல் விழுந்தால் அது 1:1. பத்து மி.மீ. நீள வண்டு சென்சாரிலும் பத்து மி.மீ. நீளம்தான். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அளவு 36 x 24 மி.மீ. ஆகவே 1:1-ல் எடுத்தால் நாணயத்தின் மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். 40 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் அதே அளவு வெட்டு, 200 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் அதே அளவு வெட்டு. ஃபோகல் லெங்த் ஐந்து மடங்கு கூடினாலும் நாணயம் ஒரு நூல் கூடப் பெரிதாகாது.

பெரிதாக்கம் வேண்டும் என்பவர் பார்க்க வேண்டியது மி.மீ. எண்ணை அல்ல, அந்த விகிதத்தை. மேக்ரோ என்று பெயர் ஒட்டிய ஜூம் லென்ஸ்கள் பல 1:3, 1:4 என்ற அளவிலேயே நின்றுவிடும். கேனானின் பழைய 50 மி.மீ. காம்பாக்ட் மேக்ரோ (1987) கூடத் தனியாக 1:2 வரைதான் போகும். மறுபக்கம், கேனானின் எம்பி-இ 65 மி.மீ. (1999) ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும். அறுபத்தைந்து என்ற சின்ன எண்ணைப் பார்த்து அதை எடைபோட்டால் அவ்வளவுதான்.

இரண்டாவது தப்பான நம்பிக்கை டெப்த் ஆஃப் ஃபீல்டு பற்றியது. "சின்ன லென்ஸ்ல பூச்சி முழுசா ஷார்ப்பா வரும்" என்று சொல்பவர்கள் நிறைய. ஒரே பெரிதாக்கம், ஒரே அப்பர்ச்சர் என்றால் எந்த லென்ஸாக இருந்தாலும் தெளிவாக விழும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஃபுல் ஃப்ரேமில் 1:1, எஃப்/8 என்றால் சுமார் 1 மி.மீ. எஃப்/16 என்றால் சுமார் 2 மி.மீ. அதற்கு மேல் அப்பர்ச்சரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் படம் மொத்தமும் மங்கும். காரணம், 1:1-ல் எஃப்/16 என்பது உண்மையில் எஃப்/32 மாதிரி நடந்துகொள்கிறது. 60 வைத்திருப்பவரும் 180 வைத்திருப்பவரும் இந்த ஒரு மில்லிமீட்டரோடுதான் மல்லுக்கட்டியாக வேண்டும். பணம் கொடுத்து இதிலிருந்து தப்பிக்க முடியாது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? இங்கே. நான்கு லென்ஸ்களின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரமும், 1:1-ல் லென்ஸ் முனையிலிருந்து பொருள் வரை மிஞ்சும் இடைவெளியும்:

- நிக்கான் 40 மி.மீ. (2011): ஃபோகஸ் தூரம் 16.3 செ.மீ., மிஞ்சுவது சுமார் 3.5 செ.மீ.
- கேனான் 60 மி.மீ. (2005): ஃபோகஸ் தூரம் 20 செ.மீ., மிஞ்சுவது சுமார் 9 செ.மீ.
- கேனான் 100 மி.மீ. எல் (2009): ஃபோகஸ் தூரம் 30 செ.மீ., மிஞ்சுவது சுமார் 14 செ.மீ.
- கேனான் 180 மி.மீ. எல் (1996): ஃபோகஸ் தூரம் 48 செ.மீ., மிஞ்சுவது சுமார் 24 செ.மீ.

கடைக்காரர் சொல்வதும் விளம்பரத்தில் வருவதும் முதல் எண். பூச்சிக்குத் தெரிவது இரண்டாவது எண். ஃபோகஸ் தூரத்தை சென்சாரிலிருந்து அளக்கிறார்கள். கேமரா பாடியும் லென்ஸின் நீளமும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். "16 செ.மீ. இருக்கே, போதுமே" என்று நினைத்து வாங்குபவரின் கையில் கடைசியில் மிஞ்சுவது இரண்டு விரல் அகலம். ஹூட் மாட்டினால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

இரண்டு விரல் இடைவெளியில் என்ன நடக்கும்? முதலில் வெளிச்சம் போகும். லென்ஸின் நிழல் பூவின் மேலேயே விழும். கேமராவின் மேலிருக்கும் ஃபிளாஷைப் போட்டால் லென்ஸே அதை மறைக்கும். கேனான் 35 மி.மீ. மேக்ரோவில் (2017) லென்ஸின் வாயைச் சுற்றியே சின்ன விளக்கு வைத்துக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். அடுத்தது பூச்சி போகும். வெயில் ஏறிய பிறகு தட்டானுக்கு மூன்று செ.மீ. தூரத்தில் கண்ணாடியை நீட்டினால், வ்யூ ஃபைண்டரில் தெரிவது காலியான குச்சி மட்டும் :-)

வண்ணத்துப்பூச்சிக்கு 1:1 தேவையில்லையே என்று கேட்கலாம். உண்மை. விரித்த இறக்கையோடு முழுப் பூச்சியும் வர, சுமார் 8 செ.மீ. அகலக் காட்சி போதும். அப்போதும் கணக்கு மாறுவதில்லை. ஏபிஎஸ்-சி கேமராவில் அந்தக் காட்சியை நிரப்ப 40 மி.மீ. லென்ஸ் ஒரு சாணுக்கும் உள்ளே போக வேண்டும். 100 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய ஒரு முழத்தில் நிற்கலாம். 180 மி.மீ. லென்ஸ் ஒன்றேமுக்கால் முழத்தில் நிற்கலாம். ஸ்ரீரங்கம் பக்கம் மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போன்ற இடங்களில், ஒரு முழம் என்றால் நடைபாதையில் நின்றபடியே எடுக்க வாய்ப்பு உண்டு. ஒரு சாண் என்றால் செடிக்குள் கால் வைக்கத் தோன்றும்.

நீளமான லென்ஸ் தரும் இன்னொரு லாபம் பின்னணி. பூச்சி ஒரே அளவில் தெரிந்தாலும், 180 மி.மீ. லென்ஸ் அதன் பின்னால் ஒரு சின்னத் துண்டை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். தூரத்தில் இருப்பதெல்லாம் ஒரே பச்சையாகக் கரைந்துவிடும். 40 மி.மீ. லென்ஸில் காய்ந்த சருகு, வேலிக் கம்பி, பின்னால் நிற்பவரின் செருப்பு எல்லாம் அடையாளம் தெரியும் அளவுக்கு உள்ளே வரும். முன்னே சொன்ன டெப்த் ஆஃப் ஃபீல்டு விதிக்கு இது முரண் அல்ல. தெளிவாக விழும் அந்த 1 மி.மீ. எல்லா லென்ஸிலும் ஒன்றுதான். அதற்கு வெளியே தூரத்தில் இருப்பது எவ்வளவு கலங்குகிறது என்பதில்தான் லென்ஸுக்கு லென்ஸ் வித்தியாசம்.

இவ்வளவு நல்லது என்றால் நேரே 180-க்கே போகலாமே? போகலாம், கை தாங்கினால். கேனான் 60 மி.மீ. லென்ஸின் எடை 335 கிராம். 180 மி.மீ. எல் 1090 கிராம். அந்த 180-லும் நிக்கானின் 200 மி.மீ. மைக்ரோவிலும் (1993) ஆட்டத்தைத் தடுக்கும் வசதி கிடையாது. இரண்டையும் இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். 1:1-ல் கை லேசாக முன்னும் பின்னும் அசைந்தாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து மீசைக்குப் போய்விடும். ட்ரைபாட் இல்லாமல் கஷ்டம். அதாவது லென்ஸின் விலையோடு நல்ல ட்ரைபாட் விலையும் சேரும். அதைச் சுமந்து காலை ஆறு மணிக்கு பஸ் ஏறும் மனசும் சேர வேண்டும். இந்த மூன்றாவது செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. லென்ஸ் பீரோவில் தூங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான். வீட்டிலேயே கிடக்கும் லென்ஸ் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் நஷ்டம்தான்.

சின்ன லென்ஸ் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாணயம், தபால்தலை, நகை, பழைய பத்திரம், சாப்பாட்டுத் தட்டு இதெல்லாம் பறந்து போகாது. மேஜை மேல் நேர் மேலே கேமராவை நிறுத்தி எடுக்க 60-தான் வசதி. 180 வைத்தால் முழுத் தட்டும் உள்ளே வர ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவில் 60 மி.மீ. நல்ல முகப்பட லென்ஸாகவும் உழைக்கும். "கிட்டே போகப் பழகினால் பூச்சி பறக்காது" என்ற வாதமும் முழுப்பொய் அல்ல. விடிகாலைக் குளிரில் விறைத்து உட்கார்ந்திருக்கும் தும்பியை எந்த லென்ஸிலும் எடுக்கலாம். எழுந்து பறந்தாலும் பல தட்டான்கள் திரும்ப அதே குச்சிக்கு வரும், பொறுமையாகக் காத்திருந்தால் போதும். ஆனால் பொறுமையையும் குளிரையும் நம்பி எடுப்பவருக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். பத்து செ.மீ. கூடுதல் காற்று அந்த நேரத்தை நீட்டிக் கொடுக்கும்.

இதில் பேசியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. இடைவெளி போதாதவர்களில் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்து, மரத்துப் போனதும் எடுத்து இலை மேல் உட்கார வைக்கிறார்கள். சிலர் பசை வைத்து ஒட்டுகிறார்கள். தவளையை நூலால் கட்டி நிறுத்துவதும் நடக்கிறது. படம் அழகாகவே வரும், லைக்கும் விழும். ஆனால் அது பூச்சியின் படம் அல்ல, அதற்குச் செய்த கொடுமையின் படம். நீளமான லென்ஸ் யாரையும் நல்லவராக்காது என்பது சரிதான். ஆனாலும் நெருங்க முடியாத ஆத்திரம்தான் பலரை இந்த வழிக்குத் தள்ளுகிறது என்றால், பதினான்கு செ.மீ. என்பது கேமராக்காரருக்கு மட்டும் வசதி அல்ல, அந்தப் பக்கம் இருக்கும் உயிருக்கும்தான். நஞ்சுள்ள பாம்பு என்றால் கதை தலைகீழ். அங்கே 180-உம் போதாது. மேக்ரோவை உறையில் போட்டுவிட்டு டெலிஃபோட்டோவை எடுப்பதே புத்தி.

முடிவாக என்ன வாங்கலாம்? ஒரே ஒரு மேக்ரோ லென்ஸுக்குத்தான் காசு இருக்கிறது, அதை வெளியே எடுத்துப் போகும் எண்ணமும் இருக்கிறது என்றால் 90-லிருந்து 105 வரை உள்ளது எதுவானாலும் சரி. டாம்ரான் 90, கேனான் 100, நிக்கான் 105 இவற்றுக்குள் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் கேமராவுக்குப் பொருந்துவது, நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் கிடைப்பது, அதுவே போதும். கையால் பிடித்து எடுப்பவருக்கு ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் கேனானே 100 மி.மீ. எல் லென்ஸுக்குச் சாதாரண தூரத்தில் நாலு ஸ்டாப், 1:1-ல் இரண்டு ஸ்டாப் என்றுதான் சொன்னது. அற்புதம் எதிர்பார்க்கக் கூடாது.

மேஜையை விட்டு நகராத படங்கள் மட்டும்தான் என்றால் 60 போதும், 40-கூடப் போதும். வண்ணத்துப்பூச்சி, தட்டான் என்று வருஷக்கணக்கில் பின்னாலேயே அலைந்து, 100 போதவில்லை என்று அனுபவத்தில் தெரிந்தவருக்கு 150-உம் 180-உம். அதற்கு முன்னால் அது அவசரம்.

அந்தக் காசும் இல்லை என்றால்? கையில் இருக்கும் லென்ஸோடு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. ட்யூப் போட்டால் 1:1 வந்துவிடும். டெலிஃபோட்டோ ஜூம் வைத்திருப்பவர் முன்பக்கம் நல்ல க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றை மாட்டலாம். பிளஸ் 4 பவர் உள்ளதை மாட்டினால் 250 மி.மீ.-ல் 1:1, முன்னால் கால் மீட்டர் இடைவெளியும் கிடைக்கும். ஓரங்களில் கொஞ்சம் தரம் குறையும்தான். ஆனால் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படி எடுத்துப் பார்த்தவருக்குத் தனக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்திருக்கும். அது தெரிந்த பிறகு கடைக்குப் போகிறவர் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், லென்ஸ் முனைக்கு எதிரே ஒரு விரலை நீட்டி, எந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆகிறது என்று பார்ப்பார். அப்படிப் பார்த்து வாங்கியவரின் லென்ஸ் பீரோவுக்குள் போவதில்லை.