சொத்தோடு வாக்கும் வரும்

இன்று கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு என்னிடம் புள்ளியியல் படித்த மாணவி ஒருத்தி அடையாறு வீட்டுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. ஆர் மொழியில் அவள் எழுதிய நிரலால் அலுவலகத்தில் ஓர் அறிக்கை தப்பாகப் போய்விட்டதாம். நோயாளிகள் சராசரியாக எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள் என்ற கணக்கு. ஒரு வார்டில் மூன்று பேர், சராசரி 4 நாள். அறிக்கையில் 12 என்று வந்துவிட்டது. கணினி ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை.

காரணம் இதுதான். ஆரில் அட்டவணைக்கு டேட்டா ஃப்ரேம் என்ற வகுப்பு உண்டு. அதில் காற்புள்ளி போட்டு ஒரே ஒரு நெடுவரிசையை எடுத்தால் வெறும் எண்கள் வரும். நீளம் கேட்டால் 3 என்று சொல்லும். இவள் அதற்கு வாரிசாக ஒரு புது வகுப்பு எழுதி, ஒரு நெடுவரிசையை எடுத்தாலும் அட்டவணையாகவே வரும்படி மாற்றிவிட்டாள். அட்டவணைக்கு நீளம் என்றால் நெடுவரிசைகளின் எண்ணிக்கை. அதாவது 1. சக ஊழியரின் பழைய நிரல் மொத்தம் 12-ஐ 1-ஆல் வகுத்தது.

அவள் நோக்கம் தப்பில்லை. இரண்டு நெடுவரிசை கேட்டால் அட்டவணை, ஒன்று கேட்டால் எண்கள் என்பது எனக்கும் எரிச்சல்தான். டிபிள் என்ற பிரபலமான வகுப்பும் இவளைப் போலத்தான் செய்கிறது. ஆனால் அப்பா கொடுத்த வாக்கை நம்பி ஊரில் பலர் இருக்கிறார்கள். சொத்து வேண்டும், வாக்கு வேண்டாம் என்றால் எப்படி?

"இனிமே வாரிசே வேண்டாம் சார். ஒரே ஃபங்ஷன்ல இஃப்-எல்ஸ் போட்டு எல்லாத்தையும் எழுதிடறேன்" என்றாள். அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆரில் சம்மரி ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரே வரிதான் இருக்கும். வந்த பொருள் எந்த வகுப்பு என்று பார்த்து, அதற்குரிய மெத்தடிடம் அனுப்பிவிடும். யாரும் இல்லாவிட்டால் பொதுவான மெத்தட் ஒன்று காத்திருக்கும்.

நம் நாட்டு உதாரணமே உண்டு. டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்கார் எழுதிய லாட்டிஸ், ஆரோடு சேர்ந்தே வருகிறது. அதில் எக்ஸ்ஒய்ப்ளாட் என்ற வரைபட ஃபங்ஷனைப் பொதுவாக வைத்தார். பிறகு காலத்தொடர்களுக்காக ஸூ என்ற தொகுப்பை எழுதியவர்கள் தங்கள் வகுப்புக்கு ஒரு மெத்தடைச் சேர்த்தார்கள். சர்க்காரின் நிரலில் ஒரு வரியையும் தொட வேண்டியிருக்கவில்லை. இஃப்-எல்ஸாக இருந்திருந்தால் ஒவ்வொருவரும் அவர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

ஆகவே என் கட்சி இது. புது வகைத் தரவு வந்தால் புது மெத்தட் எழுதுங்கள். பழைய ஃபங்ஷனைக் கிளறாதீர்கள். அப்பாவிடம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அதே மாதிரி பதில் சொல்ல முடிந்தால் மட்டும் வாரிசாகுங்கள். முடியாதென்றால் அட்டவணையை உங்கள் பொருளுக்குள் ஓர் உறுப்பாக வைத்துக்கொண்டு, வேறு பெயரில் தனிக்குடித்தனம் போங்கள். அப்போது பழைய நிரல் பிழை காட்டி நின்றுவிடும். மௌனமாக வரும் 12-ஐவிட அது எவ்வளவோ மேல்.

மறுநாளே தவற்றை அலுவலகத்தில் தானே சொல்லிவிட்டதாக அவள் போன் செய்தாள். அதில்தான் எனக்குப் பெருமை.

நிரல் எழுதும் பிள்ளைகளே, உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் கீழே சண்டை போடலாம்.