சைக்கிளுக்கு ஏற்ற உடுப்பு எது?

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடியும் முன்பே சைக்கிள் மணி கேட்கும்.

பால்காரர் கேனைக் கட்டிக்கொண்டு போவார். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர், தூக்குச் சட்டியை முன்னால் மாட்டிக்கொண்டு போவார். சிறிது நேரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள்.

உத்தமபாளையத்தில் இருந்து கம்பத்துக்கு சுமார் 10 கிலோ மீட்டர். போக வர 20 கிலோ மீட்டர். இப்படி வருடம் முழுவதும் மிதித்தால் தேய்வது எது? டயர் மட்டும்தானா?

இல்லை. தோலும் தேய்கிறது!

டயர் தேய்ந்தால் கடையில் மாற்றிவிடலாம். தொடை தேய்ந்தால் யாரிடம் சொல்வது? வெட்கமாக இருக்கிறது. ஆகவே பலரும் வாயை மூடிக்கொண்டு வேதனைப்படுகிறார்கள்.

இதுபற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

நான் சொன்ன பொய்

கல்லூரியில் படித்தபோது நானும் தினமும் சைக்கிளில் போனேன். இறுக்கமான ஜீன்ஸ் போட்டிருப்பேன். முதல் வாரம் எரிச்சல். அடுத்த வாரம் கொப்புளம். "ஏன் இரண்டு நாளாக வரவில்லை?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "கால் சுளுக்கு" என்று பொய் சொன்னேன்.

சீட் சரி இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் குற்றவாளி என் பேண்ட்! அதன் நாலு தையலும் ஒன்றுகூடும் தடித்த இடம், சரியாக சீட்டில் படும் இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் அது தோலை அறுத்தது.

புண் வருவதற்குக் காரணம் மூன்று. ஒன்று அழுத்தம். இரண்டு உரசல். மூன்று வியர்வை ஈரம். இந்த மூன்றையும் குறைக்கிற உடுப்பே சைக்கிளுக்கு ஏற்ற உடுப்பு.

தாத்தாவின் பட்டாபட்டி

நம் தாத்தாமார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் பட்டாபட்டி டவுசர்!

வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். உள்ளே முழங்கால் வரை பட்டாபட்டி இருக்கும். தொடையும் தொடையும் உரசாது. காற்றும் போகும். பக்கத்து ஊருக்குப் போய்வர அது போதும்.

அதில் ஒரு குறை உண்டு. பருத்தித் துணி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். தொளதொளவென்று இருப்பதால், மடிப்பு விழுந்து ஒரே இடத்தில் திரளும். நெடுந்தூரம் போனால் அந்த மடிப்பே புண் ஆக்கிவிடும்.

வெளிநாட்டு பந்தயக்காரர்களும் இதே தொல்லையை அனுபவித்தவர்கள்தான். அவர்கள் கம்பளி நூல் டவுசர் போட்டார்கள். அதன் உள்ளே, உட்காரும் இடத்தில், 'ஷாம்வா' என்னும் மலையாட்டின் மெல்லிய தோலைத் தைத்துக்கொண்டார்கள். துவைத்துக் காய்ந்தால் அந்தத் தோல் விறைத்துவிடும். அதற்குக் களிம்பு தடவி மெதுவாக்குவார்கள்.

1958-ம் ஆண்டில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ரப்பர் போல இழுபடும் ஒரு புதிய இழையைக் கண்டுபிடித்தார். 'லைக்ரா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதன்பிறகு சைக்கிள் டவுசர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஆட்டுத் தோலுக்குப் பதிலாக மெத்தென்ற ஸ்பாஞ்ச் வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் மெத்தை வைத்த டவுசர் இதுதான். கணுக்கால் வரை நீண்டிருந்தால் அதற்கு டைட்ஸ் என்று பெயர்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரைமணி நேரத்துக்குள் வேலைக்குப் போய்விடுகிறவருக்கு மெத்தை தேவை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளில், அகலமான ஸ்பிரிங் சீட்டே உடம்பைத் தாங்கிவிடும். உள்ளே, தொடையைப் பிடிக்கிற பனியன் துணி டவுசர் ஒன்று இருந்தால் போதும். விலையும் குறைவு.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறவரா? குனிந்து ஓட்டும் சைக்கிளா? அப்படியானால் மெத்தை டவுசர் வாங்குங்கள். வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* மெத்தையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். உடனே தட்டையாகப் போனால் அது வேண்டாம். தலையணை போல பருமனாக இருந்தாலும் வேண்டாம். பருமனான மெத்தை தொடை இடுக்கில் உரசும்.

* நடுவில் தையல் இருக்கக் கூடாது.

* நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். சைக்கிளில் உட்காருவது போல குனிந்து பாருங்கள். நிற்கும்போது கொஞ்சம் இழுத்தாலும், குனியும்போது சரியாக இருக்க வேண்டும்.

* பெண்களுக்கு இடுப்பு எலும்பு அகலம். ஆகவே அவர்களுக்கு என்று தனியாக மெத்தை தைக்கிறார்கள். அதையே கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். இந்த டவுசருக்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது! போட்டால், அந்த உள்ளாடையின் தையல் அறுக்கும். மெத்தை வைத்ததே வீண். உள்ளாடை இல்லாததால், ஒருநாள் போட்டதை மறுநாள் துவைக்காமல் போடவும் கூடாது. எனவே இரண்டு வேண்டும். வெந்நீர் வேண்டாம், இஸ்திரி வேண்டாம். உள்பக்கத்தை வெளியே திருப்பி, காற்றாட நிழலில் உலர்த்துங்கள்.

"உடம்போடு ஒட்டும் டவுசரோடு கடைவீதியில் போனால் ஊர் சிரிக்காதா?" என்று கேட்பீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆனாலும் ஊரை எதிர்த்து நிற்கத் தேவை இல்லை. அதற்கு மேலே சாதாரண பேண்ட் போட்டுக்கொள்ளலாம். வேட்டியும் கட்டலாம்!

நம் ஊர்ப் பருவம்

நம் பள்ளத்தாக்கில் ஒரே உடுப்பு வருடம் முழுவதும் சரிப்படாது.

பங்குனி, சித்திரையில் வியர்வை கொட்டும். அப்போது மெல்லிய டவுசர் நல்லது. ஆனி, ஆடியில் மேற்கே இருந்து காற்று வீசும். மலை ஓரத்தில் சாரலும் விழும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் சீக்கிரம் உலரும் துணிதான் நல்லது. மாற்று டவுசர் ஒன்றை பிளாஸ்டிக் பையில் வைத்திருங்கள். ஈரத்தோடு நாள் முழுவதும் உட்கார்ந்தால் படர்தாமரை வரும். மார்கழி, தை மாதத்தில் அதிகாலையில் போகிறவர், முழு நீள டைட்ஸ் போட்டால் முழங்காலுக்குக் குளிர் தெரியாது. பேண்டின் கால் செயினில் மாட்டும் தொல்லையும் இல்லை.

புண் வந்துவிட்டால் ஆறும் வரை சைக்கிளுக்கு ஓய்வு கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். உட்காரும் இடம் மரத்துப் போனால் சீட்டின் உயரத்தைச் சரிபாருங்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது, குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். அதன் பிறகும் மரத்தால் டாக்டரைப் பாருங்கள்.

பெண் பிள்ளைகளைக் கேளுங்கள்

1991-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்ற பெண்கள், கூடவே சைக்கிளும் கற்றார்கள். கேலி செய்தவர்கள் உண்டு. அந்தப் பெண்கள் நிறுத்தவில்லை. சேலை கட்டிக்கொண்டு, ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையும் ஓட்டினார்கள்!

தமிழ்நாட்டில் பிளஸ்-1 படிக்கும் மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001-ம் ஆண்டில் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் கிடைத்தது. சைக்கிள் வந்துவிட்டது. ஆனால் அதில் என்ன உடுத்திக்கொண்டு போவது என்று அந்தப் பெண்ணுக்கு யாராவது சொன்னோமா?

துப்பட்டா சக்கரத்தில் சிக்காமல் முடிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வோம். அது அவசியம். சுடிதாருக்கு உள்ளே தொடையை மூடும் டவுசர் போட்டால் உரசாது என்று சொல்வது இல்லை. மாதவிலக்கு நாட்களில், ஈரமான நாப்கினோடு சைக்கிள் ஓட்டினால் தோல் உரியும் என்றும் சொல்வது இல்லை. புறப்படும் முன் மாற்றிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் மாற்றுவதற்கு ஒரு சுத்தமான அறையும் வேண்டும்.

"இனி சைக்கிளில் போக மாட்டேன்" என்று மகள் சொன்னால், சோம்பல் என்று திட்டாதீர்கள். தாயார் தனியாக அழைத்து, "எங்கேயாவது உரசுகிறதா, அம்மா?" என்று கேட்கட்டும். ஒரு டவுசரில் தீருகிற தொல்லைக்காக ஒரு பெண் சைக்கிளை விடக் கூடாது. சைக்கிளை விட்டால், பஸ் வராத ஊரில் படிப்பையும் விட நேரலாம்.

இன்றே கேளுங்கள். நாளை காலையில் அவள் மறுபடியும் சைக்கிளை எடுக்க வேண்டும்!