கூடிக் கற்பது குற்றமா?

அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவாளி தெருவில் பாவு நீட்டினால் நாலு பேர் கைகொடுக்கிறார்கள். திருச்சுழிப் பக்கம் கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே திரண்டு மண் போடுகிறது. ஆனால் அந்த நெசவாளியின் மகனும், மானாவாரி விவசாயியின் மகளும் கல்லூரித் தேர்வு அறையில் கேட்கும் முதல் கட்டளை என்ன? "பக்கத்தில் பார்க்காதே!"

வகுப்பிலோ அறுபது, எழுபது பேர். ஆசிரியர் சொல்ல, மாணவர் எழுத, மணி அடித்துவிடுகிறது. சந்தேகம் கேட்க வீட்டில் படித்தவர் இல்லை. டியூஷனுக்குப் பணம் இல்லை. அரியர் குவிகிறது. 'மாணவன் மந்தம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நாம் அதை ஏற்கவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் இரண்டு கட்டத் தேர்வு நடத்துகிறார்கள். முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதித் தாளைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு நாலைந்து பேர் சேர்ந்து, அதே வினாக்களுக்கு வாதாடி, ஒரே விடை எழுத வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு தனித் தாளுக்கே. ஆகவே 'சோம்பேறிக்கு இலவச மதிப்பெண்' என்ற கூச்சல் எடுபடாது. காப்பியடிப்பவன் விடையைத் திருடுகிறான். இங்கே மாணவன் 'ஏன்?' என்று கேட்கிறான். கூடிப் பேசிய வினாக்களைச் சில நாள் கழித்துத் தனித்தனியே எழுதச் சொன்னபோதும் மாணவர் நன்றாகவே எழுதினர் என்று 2014-ல் அங்கிருந்து வந்த ஆய்வு கூறுகிறது. மறுபுறம், பெரிய வகுப்பொன்றில் நடந்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு, மதிப்பெண் கூடினாலும் பாடம் மனத்தில் நிலைத்ததில் வேறுபாடு இல்லை என்றது. எனவே இது சர்வரோக நிவாரணி அல்ல. ஆசிரியர் தொடர்ந்து பாடத்தை விளக்கியாக வேண்டும்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மாணவன் மாணவனுக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. 1789-ல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், மாணவர்களையே ஆசானாக்கினார். 1797-ல் அதை நூலாக்கினார். 'சென்னை முறை' இங்கிலாந்தில் பரவியது. ஏன்? மலிவு! ஒரே வாத்தியாரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம் அல்லவா?

அந்தக் கணக்கு இங்கே மீண்டும் போடப்படக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையைக் கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் சுமக்கிறார்கள். 'மாணவர்களே சொல்லிக்கொடுக்கிறார்களே, ஆசிரியர் எதற்கு?' என்று எவரும் கேட்க இடம் தரலாகாது. நாலு பேரும் சேர்ந்து தவறான விடைக்கு வந்தால் திருத்துவது யார்?

எனவே நாம் கோருவது இரண்டு. கல்லூரியே மதிப்பெண் போடும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் ஒன்றையாவது இம்முறையில் நடத்துக! காலியிடங்களை நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு நிரப்புக! இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். தோழர்கள் இதை ஊர் ஊராகப் பேச வேண்டும். தங்கள் பிள்ளைகளின் கல்லூரி வாசலிலும் கேட்க வேண்டும்.