காப்பகப் பூனைக்கு முதலில் ஓர் அறை



காப்பகத்திலிருந்து தத்தெடுத்த பூனையை வந்த அன்றே வீட்டார் கைமாற்றிக் கொஞ்சும் வழக்கம் கைவிடத்தக்கது. கன்னச் சுரப்பிகளின் மணத்தைப் பொருள்கள்மீது தேய்த்தே ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும் விலங்காதலால், அம்மணம் படியாத புதிய வீடு அதற்கு அச்சமூட்டுவதாகவே இருக்கும். அது கட்டிலுக்கடியில் ஒளிவது நன்றிகெட்ட குணமன்று. மணல் தட்டு, நீர், காப்பகத்தில் பழகிய அதே உணவு ஆகியவற்றுடன் அமைதியான ஓர் அறையை ஒதுக்கி, தானே வெளிவரும்வரை காத்திருப்பதே முறை. ஆனால் பட்டினியைப் பொறுத்திருத்தல் ஆகாது: சில நாள்கள் உண்ணாத பூனைக்கு, உடற்கொழுப்பு ஈரலில் வந்து தேங்கும் நிலையாகிய கொழுப்பு ஈரல் நோய் உண்டாகி உயிரையே பறிக்கக்கூடும் என்பதால், ஒரு நாள் முழுதும் உண்ணாவிடில் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். அதன் சோர்வைக் கண்டு வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைச் சிறிதளவும் கொடுத்தல் கூடாது; அது பூனைக்கு நஞ்சு. இவற்றைத் தாளில் அச்சிட்டுத் தத்துப் படிவத்துடன் வழங்கக் காப்பகங்கள் முன்வர வேண்டும்.