விழா எடுத்தலும் ஒரு கல்வியே

யூபிலி மலரின் பக்கங்களில் வாழ்த்தும் நினைவும் நிறைந்திருத்தல் வழக்கம். அவ்வழக்கினை நாம் குறை கூறுவோமல்லோம். ஆயினும் இவ்விழா நாளிலே, மேடையில் வீற்றிருப்போரை விடுத்து, மேடையை அமைத்தோரைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். பரிசளிப்பு விழா இனிது நிறைவுற்றால் பிரதம விருந்தினரின் பேச்சைப் பாராட்டுகின்றோம். ஒலிபெருக்கி ஓசையிழந்தால் மட்டுமே அதற்குப் பொறுப்பான மாணவனைத் தேடுகின்றோம். செவ்வனே செய்யப்பட்டவிடத்துக் கண்ணுக்குப் புலப்படாது மறைந்துவிடுதல் இவ்வேலையின் இயல்பு. அதனாற்றான் இதனை ஒரு கல்வியென நாம் எண்ணப் பழகவில்லைப் போலும்.

பல்கலைக்கழகத்திலே ஒரு மாணவர் மன்றத்தின் காரியதரிசி கலைவிழா ஒன்றை எடுக்கின்றான் எனக் கொள்வோம். பரீட்சையும் நல்லூர்க் கொடியேற்றமும் குறுக்கிடாத நாளொன்றைத் தெரிதல், மண்டபத்திற்கு அனுமதி பெறுதல், வரவுசெலவைத் திட்டமிடுதல், விருந்தினருக்குக் கடிதம் வரைதல், கதிரைக்கும் பந்தலுக்கும் விலை பேசுதல், மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி ஆயத்தமாக இருக்கிறதா எனப் பார்த்தல், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பேச்சுக் கேட்குமா எனச் சோதித்தல் ஆகிய யாவும் அவன் கடன். இவை எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு. கட்டளையிடும் அதிகாரம் ஏதுமின்றி, மனம் நோகாமற் பிறரைக் கொண்டு வேலை செய்வித்தலே அது. எந்த விரிவுரை மண்டபத்திலும் இது கற்பிக்கப்படுவதில்லை. நாளை அவன் அதிபராயினும், பொறியியலாளராயினும், வங்கி முகாமையாளராயினும் நாள்தோறும் வேண்டப்படுவது இத்திறமையே. உலகமும் இதனை ஒரு தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டு நிகழ்ந்த 2012ஆம் ஆண்டிலேயே நிகழ்ச்சிகளின் நிலைபேறான முகாமைத்துவத்திற்கென ஐ.எஸ்.ஓ. 20121 என்னும் சர்வதேச நியமம் வெளியாயிற்று.

இத்தொழில் பழகிப் பெறுவது என்பதற்கு எமது மண்ணிலேயே சான்றுண்டு. தெல்லிப்பழை தந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், பேராதனையிலே கற்பித்த காலத்து, மட்டக்களப்பு அண்ணாவியாரின் துணையோடு மாணவரைக் கூத்தாடச் செய்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ அதன் பின்னரும் மேடையேறின. ஒத்திகையும் உடையும் விளக்கும் பயணமும் உணவும் என ஆயிரம் சிறு காரியங்களை ஒன்றுசேர்த்தாலன்றி ஒரு கூத்து அரங்கேறாது. அத்தகைய காரியங்களிற் பழகியவரே 1974 சனவரியில் யாழ்ப்பாணத்திலே நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டை முன்னின்று நடத்தினார். கோலாலம்பூர் (1966), சென்னை (1968), பாரிஸ் (1970) என்னும் பெருநகரங்களை அடுத்து வந்த மகாநாடு அது. அன்று யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழகம் இல்லை. வளாகம் அவ்வாண்டு ஒக்டோபரிலேதான் திறக்கப்பட்டது. கொழும்பிலே நடத்துக என்ற அழுத்தமும் இருந்தது. இவற்றையெல்லாம் கடந்து, வீரசிங்கம் மண்டபத்தில் அறிஞர் அவை கூடிற்று. ஊர்மக்கள் தம் வீதிகளைத் தாமே அலங்கரித்தனர்.

அம்மகாநாட்டின் இறுதி நாளை மறந்து இப்பொருளைப் பேசுதல் தகாது. சனவரி 10ஆம் நாள் இரவு, மண்டபத்தின் முன்றலிலே திரண்டிருந்த மக்களைப் பொலிசார் கலைக்க முற்பட்ட வேளை, மின்கம்பி அறுந்து வீழ்ந்து உயிர்கள் பறிபோயின. அப்பழி மகாநாட்டை அமைத்தோரைச் சாராது. ஆயினும் மக்கட் கூட்டத்தைக் கூட்டுவோர் எத்துணை உயிர்களுக்குப் பொறுப்பேற்கின்றனர் என்பதை அவ்விடத்து நினைவுத் தூண்கள் இன்றும் உணர்த்தி நிற்கின்றன. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2024 பெப்ரவரியில், அருகேயுள்ள முற்றவெளியில் நிகழ்ந்த இசைநிகழ்ச்சியொன்றிலே சனத்திரள் தடுப்புகளைத் தாண்டி முன்னேறியமையால் நிகழ்ச்சி தடைப்பட்டது. எத்தனை பேர் வருவர், எவ்வழியாற் புகுவர், ஆபத்து வந்தால் எவ்வழியால் வெளியேறுவர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதாமல் அழைப்பிதழ் அச்சிடுதல் கூடாது. மாலையும் பன்னீரும் அதன் பின்னரே.

இவ்வறிவு எம்மிடையே ஒரு காலத்திற் கைமாறி வந்தது. மூத்த மாணவன் செய்ய, இளையவன் அருகில் நின்று கற்றான். மன்ற அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால் முந்திய ஆண்டின் செலவும் தவறும் தெரிந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு அப்புத்தகங்களுட் பல அழிந்தொழிந்தன. ஆனால் பழக்கம் அழியவில்லை. மின்சாரமே இல்லாதிருந்த அந்தத் தொண்ணூறுகளிலும் சரசுவதி பூசையும் தமிழ்த்தின விழாவும் நிகழ்ந்தன. கடதாசி கிடையாத நாளில் நிகழ்ச்சி நிரலைக் கரும்பலகையில் எழுதினோம். பொழுது சாயுமுன் முடியுமாறு பேச்சுகளைச் சுருக்கினோம். வசதியின்மை எம்மைத் திட்டமிடப் பழக்கியது.

இன்றோ நிலை வேறு. வசதி வந்தது, பழக்கம் போகின்றது. பந்தல் முதல் பந்தி வரை யாவற்றையும் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்துவிட்டு, மாணவர் ஒரே நிறச் சட்டையணிந்து வாயிலில் நிற்கின்றனர். இதற்கு மாணவரைக் குறை கூறுதல் நீதியன்று. கடல் கடந்து வாழும் பழைய மாணவராகிய நாமே இதற்குப் பெரிதும் காரணர். கல்லூரியின் மேலுள்ள அன்பினால் பணம் அனுப்புகின்றோம். விழா குறைவின்றி நடைபெற வேண்டுமென விரும்புகின்றோம். குறைவின்றி நடைபெறுகின்றது, மாணவன் கற்பதற்கு அதிலே ஒன்றும் எஞ்சுவதில்லை. இளைஞர் எடுக்கும் விழாவிலே இரண்டு கதிரை குறைந்தாற் குடிமுழுகிப் போவதில்லை. குறைந்ததை அறிந்து மறுமுறை கூட்டி வைப்பானாயின் அதுவே கல்வி.

ஆகவே மூன்று காரியங்களை இவ்வாண்டிலேயே தொடங்குமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். முதலாவது, ஒவ்வொரு விழாவுக்கும் ஒரு செயற்குறிப்பேடு எழுதப்பட்டு, கணக்குப் பரிசோதனையுடன், அடுத்த குழுவிடம் கையளிக்கப்படல் வேண்டும். தவறுகளையும் மறையாது எழுதல் வேண்டும்; தவறு எழுதப்படாத குறிப்பேடு அடுத்தவனுக்கு உதவாது. இரண்டாவது, ஒவ்வொரு குழுவிலும் கீழ்வகுப்பு மாணவர் இருவரேனும் பயில்வோராகச் சேர்க்கப்படல் வேண்டும். மூன்றாவது, பழைய மாணவருள் மின்னியலாளரும் கணக்காளரும் சமையல் வல்லோரும் வைத்தியரும் உளர். இவர்கள் காசோலையோடு தம் பொழுதிலும் ஒரு பங்கைத் தருதல் வேண்டும். செய்து கொடுத்தற்கன்று, அருகிருந்து கற்பித்தற்கு. இவ்வாறு பயின்று செல்பவன் பல்கலைக்கழகம் புகும்போது வெறுங்கையனாகப் போகான்.

அடுத்த யூபிலி வரும்போது நம்மிற் பலர் இருக்கப்போவதில்லை. இன்று பந்தற்கால் நடும் சிறுவன் அன்று தலைமை தாங்கக்கூடும். அவன் கையிலே நாம் விட்டுச் செல்ல வேண்டியது நிரம்பிய நிதியன்று. நிரம்பிய குறிப்பேடும், அதைத் தானே எழுதிப் பழகிய கையும் ஆகும். அவ்வாறு விட்டுச் செல்ல எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.