மண்ணின் மேல் பழி போடாதீர்கள்



மலையில் மண் சரிந்து லயம் புதையுண்டால் மறுநாள் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: "இயற்கை அனர்த்தம்". அமைச்சர் அதைச் சொல்கிறார், கம்பனி சொல்கிறது, தொலைக்காட்சி சொல்கிறது. நிவாரணப் பொதி வருகிறது, படம் எடுக்கிறார்கள், அடுத்த மழை வரை மறந்துவிடுகிறார்கள்.

மழை இயற்கைதான். மலையும் இயற்கைதான். ஆனால் லயத்தை எங்கே கட்டுவது, எந்தக் கானைத் துப்புரவு செய்யாமல் விடுவது, எச்சரிக்கை வந்த பிறகும் யாரை அங்கேயே குடியிருக்க விடுவது என்பதெல்லாம் மனிதர்கள் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மண்ணின் பின்னால் ஒளிந்துகொள்வதை நாம் இனியும் அனுமதிக்கக் கூடாது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த மலை திடீரென்று துரோகம் செய்யவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணைப் படித்தவர்கள் ஒன்பது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

"எச்சரித்தோம், சனம்தான் போகவில்லை" என்று இன்றும் சிலர் கூசாமல் சொல்கிறார்கள். எங்கே போவது? லயக் காம்பரா நமக்குச் சொந்தமில்லை. தோட்டத்துக்கு வெளியே ஒரு பேர்ச்சஸ் காணி கிடையாது. தோட்டத்தை விட்டுப் போனால் வேலை போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். போக இடம் காட்டாமல் "போ" என்று சொல்வது எச்சரிக்கையே இல்லை. அது தன் கையைக் கழுவிக்கொள்வதற்கு எழுதி வைக்கும் கடிதம். உயிர் தப்பியவர்கள் புதிய வீட்டைக் காண்பதற்குக் கூட 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பழைய தேயிலை ஆலையில் குடும்பம் நடத்தினார்கள்.

மண் ஏன் சரிகிறது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இது எஞ்சினியர்மாருக்கு மட்டும் உரிய விஷயம் என்று விட்டால் நம்மை ஏமாற்றுவது சுலபம்.

நமது மலைகளின் பாறை ஐம்பது கோடி வருடத்துக்கும் மேல் பழையது. வெயிலிலும் மழையிலும் அது மேலிருந்து கீழாக உக்கி மண்ணாகிறது. சில இடத்தில் அந்த மண் பல அடி ஆழம். மேலே சரிந்த மண்ணும் கல்லும் காலங்காலமாக மலையடிவாரத்தில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியல் பார்ப்பதற்குச் சரிவு குறைந்த நல்ல நிலம் போல இருக்கும், ஈரமாகவும் இருக்கும், பக்கத்தில் ஊற்றும் இருக்கும். வெள்ளைக்காரத் துரைமாருக்கு வேண்டியதும் அதுதானே: செலவில்லாமல் லயம் கட்ட ஒரு தட்டை, பீலி வைக்க ஒரு ஊற்று. மீரியபெத்தை லயங்கள் இருந்தது அப்படிப்பட்ட பழைய சரிவு மண்ணின் மேல்தான். அதாவது ஒருமுறை சரிந்த மண், மறுபடியும் சரியக்கூடிய மண்.

ரொட்டிக்கு மா பிசைபவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. அளவாகத் தண்ணீர் விட்டால் மா ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அளவு மீறினால் கையில் நிற்காது. மண்ணும் அப்படித்தான். மணிக்கும் மணிக்கும் இடையில் தண்ணீர் நிறைந்தால் அது மணிகளைத் தள்ளிப் பிரிக்கும். பிடி தளரும், பாரம் கூடும். அடியில் பாறை, மேலே நனைந்த மண், நடுவில் தண்ணீர். பிறகு அது வழுக்கி வருவதற்கு ஒரு இரவு போதும்.

ஆகவே மலையில் கட்டடம் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் தண்ணீரை எங்கே போக விடுகிறோம் என்பதில் இருக்கிறது. இது நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரியும். மலைக்குக் குறுக்கே கான் வெட்டியவர்கள் அவர்கள். கானில் மண் நிறைந்தால் அள்ளிப் போடுவதற்கென்றே ஆள் இருந்தது, பேர் போட்டார்கள், சம்பளம் கொடுத்தார்கள். இன்று பல தோட்டங்களில் கான் எங்கே இருந்தது என்றே தெரியாமல் புல் மூடிக் கிடக்கிறது. ஆளைக் குறைத்தார்கள், கான் வேலையை நிறுத்தினார்கள், மலையைக் காடாக விட்டார்கள். முன்பு கானில் ஓடிய தண்ணீர் இப்போது மண்ணுக்குள் இறங்குகிறது. அந்த மண்ணுக்குக் கீழே நம் பிள்ளைகள் தூங்குகிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இதற்குப் பேர் செலவுக் குறைப்பு.

எங்கள் டிவிசனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லயத்துக்குப் பின்னால் மண்கரை விழுகிறது என்று முறைப்பாடு செய்தோம். பல மாதம் கழித்து கொங்கிறீட் மதில் ஒன்று கட்டினார்கள். மதிலில் தண்ணீர் வெளியேற ஒரு ஓட்டை கூட வைக்கவில்லை. வேலை செய்த மேசன் பையனே கேட்டான், "வரைபடத்தில் இல்லை" என்றார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் மதில் வயிறு தள்ளி நின்றது. அது மண்ணைத் தாங்கும் மதிலாக இல்லாமல் தண்ணீரை அடைத்து வைக்கும் அணையாகிவிட்டது. மூன்று குடும்பங்கள் இரவோடிரவாக சாமான்களைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்குப் போயின. ஓட்டை வைக்க ஆகும் செலவு சில துண்டுக் குழாய்தான்.

மீரியபெத்தைக்குப் பிறகும் பாடம் படிக்கவில்லை. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. 2023 மார்ச்சில் பூனாகலைப் பக்கம் லயக் குடும்பங்கள் மறுபடி இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி மலையகத்தையே உலுக்கியது. ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே பொதி.

"பாதுகாப்பான காணி தோட்டத்தில் இல்லை" என்கிறார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். நூறு குடும்பத்துக்குத் தலா 10 பேர்ச்சஸ் கொடுத்தாலும் ஆறேகால் ஏக்கர்தான். வீதி, கான், கோயில், விளையாட்டிடம் எல்லாம் சேர்த்தாலும் பத்து ஏக்கர். பல நூறு ஏக்கர் தோட்டத்தில் உறுதியான பத்து ஏக்கர் கிடையாதா? கிடைக்கும். அங்கே நல்ல கொழுந்து இருக்கிறது, அதுதான் பிரச்சினை. காணி அரசாங்கத்துடையது, கம்பனி குத்தகைக்காரர். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டித் தப்ப முடியாது.

நம் பக்கக் குறையையும் மறைக்க வேண்டாம். குசினியைப் பெரிதாக்கப் பின்கரையை நேர்க்குத்தாக வெட்டுகிறோம். கானில் குப்பை போடுகிறோம். சங்கங்களும் சந்தாவுக்கும் சம்பளத்துக்கும் காட்டிய அக்கறையை மண்ணுக்குக் காட்டவில்லை. வீட்டுத் திட்டம் என்றால் அடிக்கல்லும் பெயர்ப்பலகையும்தான் பார்த்தோம், அடிக்கல்லுக்குக் கீழே என்ன மண் என்று கேட்கவில்லை. இனிக் கேட்போம்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு புதிய வீட்டுத் திட்டத்துக்கும் மண் பரிசோதனை அறிக்கை தமிழில் வேண்டும். அதை தொழிலாளர் கூட்டத்தில் வாசித்து விளக்க வேண்டும்.

2. ஆபத்தான இடம் என்று அறிக்கை வந்த நாளிலேயே மாற்றுக் காணியும் குறிக்கப்பட வேண்டும். காணி உறுதி குடும்பத்தின் கையில் வர வேண்டும்.

3. கான் வெட்டும் கான் துப்புரவும் மறுபடி பேர் போட்டுச் செய்யும் வேலையாக வேண்டும். லயத்துக்கு மேலுள்ள கான்கள் மழைக்கு முன்பே முடிய வேண்டும்.

4. தோட்டக் காரியாலயத்தில் மழை அளக்கிறார்கள். அந்த அளவைத் தினமும் பிரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். இது ஆராய்ச்சி நிறுவனமே வைத்திருக்கும் அளவு.

5. வெளியேறும் நாளுக்குப் பேர் போட வேண்டும். உயிருக்குப் பயந்து ஓடியவருக்குச் சம்பளம் வெட்டுவது குற்றம்.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும் வரை நாமே காவல். தரையிலும் சுவரிலும் புது வெடிப்பு, இறுகிப்போன கதவு, சாய்ந்த மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென்று நின்றுபோன பீலி, கலங்கி வரும் தண்ணீர் — இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துரையின் உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். வெளியே நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வைத்தால் போதும், ஒரு நாளில் ஆறு அங்குலம் நிறைந்தால் 150 தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

மண் பொய் சொல்வதில்லை. வெடிப்பாகவும் ஊற்றாகவும் அது முன்கூட்டியே பேசிவிடுகிறது. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலும் கமிட்டிக் கூட்டத்திலும் முதல் விஷயமாக இதை எடுங்கள்: நம் லயத்துக்கு மேலே உள்ள கான் எப்போது கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்டது? பதிலைத் திகதியோடு எழுதி, தலைவர் கையெழுத்துடன் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதங்களோடுதான் நாம் கம்பனியின் முன்னால் போய் உட்காரப் போகிறோம்.